பெராகா: சொல்லும் சட்டமும்

யூதர் ஒரு பழத்தையோ காய்கறியையோ வாயில் இடுமுன் சொல்லும் ஒற்றை வரி வாழ்த்துக்கு எபிரேயத்தில் பெராகா என்று பெயர், பன்மை பெராகோத். வேர் ப-ர-க. முழங்காலைக் குறிக்கும் ‘பெரெக்’ என்ற சொல்லும் ஒட்டகங்களை மண்டியிடச் செய்தான் என்று விவிலியத்தின் ஆதியாகமம் 24இல் வரும் வினையும் இதே எழுத்துகளில் அமைந்தவை. மண்டியிடுதலே போற்றுதல் என்ற பொருளுக்கு வழிவிட்டது என்பது பழைய விளக்கம். இரண்டும் வெவ்வேறு வேர்கள் என்போரும் உண்டு. அரபியின் ‘பரக்கா’ இதன் உடன்பிறப்பு. தமிழ் முஸ்லிம்கள் ‘பரக்கத்’ என்பது அதைத்தான். ஆனால் பரக்கத் மேலிருந்து இறங்கி வரும் அருள்வளம். பழத்தின் முன் சொல்லும் பெராகா கீழிருந்து மேலே போவது.

தமிழில் இதை ‘ஆசீர்வாதம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. விவிலியப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதில் எச்சரிக்கையாகவே இருந்தார்கள். கடவுள் ஆபிரகாமுக்குச் செய்வதை ‘ஆசீர்வதித்து’ என்றும், 103ஆம் சங்கீதம் என்ற விவிலியத் துதிப்பாடலில் மனிதன் கடவுளுக்குச் செய்வதை ‘ஸ்தோத்திரி’ என்றும் எழுதினார்கள். எபிரேயத்தில் இரண்டும் ஒரே வினை. ஆசி பெரியவர் சிறியவருக்குத் தருவது. மனிதன் கடவுளுக்கு ஆசி வழங்க முடியாது. பழத்துக்கு ஆசி வழங்குவதாகக் கொண்டாலும் பிழையே, ஏனென்றால் இந்த வரி பழத்தைப் புனிதமாக்குவதில்லை. இரு திசையிலும் செல்லக்கூடிய தமிழ்ச் சொல் ‘வாழ்த்து’. தொல்காப்பியத்திலேயே ‘கடவுள் வாழ்த்து’ வந்துவிடுகிறது. ‘வாழ்த்துரை’ மட்டும் வேண்டாம். அது மேடைக்கும் பொன்னாடைக்கும் போய்விட்டது. ‘உண்ணுமுன் வாழ்த்து’ போதும்.

சட்டத்தின் அடிப்படை யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் பெராகோத் பகுதியில், 35ஆம் ஏட்டில் இருக்கிறது. பூமியும் அதன் நிறைவும் ஆண்டவருடையது என்கிறது 24ஆம் சங்கீதம். பூமியை மனிதருக்குக் கொடுத்தார் என்கிறது 115ஆம் சங்கீதம். முரண்பாட்டை ஆசிரியர்கள் இப்படி அவிழ்த்தார்கள்: முதலாவது வாழ்த்துக்கு முன், இரண்டாவது வாழ்த்துக்குப் பின். வாழ்த்தாமல் தின்பவர் கோயில் சொத்தைக் கையாடியவருக்கு ஒப்பாவார். ஆக, பெராகா என்பது நன்றி மட்டுமல்ல, உண்பதற்கான அனுமதியும்கூட.

எல்லா வாழ்த்தும் ‘பாருக் அத்தா அதோனாய் எலோஹேனு மெலெக் ஹாஓலாம்’ என்றே தொடங்கும்: எங்கள் கடவுளாகிய ஆண்டவரே, உலகின் அரசே, நீர் வாழ்த்தப்பெற்றவர். முடிவுதான் மாறும். மரத்தில் காய்த்தது என்றால் ‘போரே பெரி ஹாஎட்ஸ்’. மண்ணில் விளைந்தது என்றால் ‘போரே பெரி ஹாஅதாமா’. இரண்டிலும் அடங்காதவற்றுக்கு ‘ஷெஹக்கோல்’, அதாவது எல்லாம் அவர் சொல்லால் உண்டாயின என்ற பொதுவாழ்த்து. ‘பெரி’யைக் கனி என்று பெயர்த்தால் இரண்டாவது வாழ்த்தில் இடறும்; கேரட்டை யாரும் கனி என்று சொல்வதில்லை. ‘மரத்தின் விளைவைப் படைப்பவர்’, ‘மண்ணின் விளைவைப் படைப்பவர்’ என்பதே சரி.

எது மரம்? சிக்கலெல்லாம் இங்கேதான். பழத்தைப் பறித்த பிறகும் கிளை நின்று, அதிலேயே மறுபடி காய்த்தால்தான் மரம் என்பது தல்மூதின் விதி. வாழையை நாம் மரம் என்றாலும் இந்த விதிப்படி அது மரமல்ல. குலை ஈன்ற தண்டு மடிந்துவிடும். அடுத்த குலை பக்கக் கன்றில்தான் வரும். அதனால் வாழைப்பழத்துக்கு மண்ணின் வாழ்த்து. யோசேப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான ‘ஷுல்கான் ஆருக்’ சட்டநூல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அன்னாசிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் அதே வாழ்த்து. மாம்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் மரத்தின் வாழ்த்து. பப்பாளியில் கருத்து வேறுபாடு உண்டு: தண்டு உள்ளே பொள்ளல், நட்ட ஓராண்டுக்குள்ளேயே காய்க்கிறது, சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. பலரும் மண்ணின் வாழ்த்தையே சொல்கிறார்கள். காளான் மண்ணில் முளைத்தாலும் மண்ணிலிருந்து ஊட்டம் பெறுவதில்லை என்று கருதப்பட்டதால் அதற்குப் பொதுவாழ்த்துதான்.

உண்ணும் விதமும் வாழ்த்தை மாற்றும். வேகவைத்தே தின்னும் உருளைக்கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் பொதுவாழ்த்துக்கு இறங்கிவிடும். பழச்சாறும் அப்படியே, திராட்சைச் சாறும் திராட்சை மதுவும் மட்டும் தனி வாழ்த்து உடையவை. தேங்காய்ப் பருப்புக்கு மரத்தின் வாழ்த்து, இளநீருக்குப் பொதுவாழ்த்து. கரும்பை மென்று சாற்றை உறிஞ்சினாலும் பொதுவாழ்த்துதான், சக்கையைத் துப்பிவிடுகிறோம் அல்லவா? காய்ந்த மிளகையும் சுக்கையும் தனியே மென்றால் வாழ்த்தே கிடையாது. அது உணவாகக் கணக்கில் வராது. இந்தியாவிலிருந்து வரும் பதப்படுத்திய இஞ்சிக்கு மண்ணின் வாழ்த்து என்று தல்மூது பெயர் சுட்டியே சொல்கிறது.

தவறிச் சொன்னால்? மரமும் மண்ணில்தான் நிற்கிறது. ஆகவே ஆப்பிளுக்கு மண்ணின் வாழ்த்தைச் சொல்லிவிட்டாலும் செல்லும். கேரட்டுக்கு மரத்தின் வாழ்த்தைச் சொன்னால் செல்லாது, சரியானதை மறுபடி சொல்லவேண்டும். பொதுவாழ்த்து எதற்குச் சொன்னாலும் செல்லும். ஐயம் எழும்போது அகன்ற வாழ்த்தைத் தேர்வது இதனால்தான். பப்பாளி அப்படித் தீர்ந்ததே. அதற்காக விதியைக் கற்காமல் எல்லாவற்றுக்கும் பொதுவாழ்த்தே சொல்லித் தப்பிப்பது ஏற்கப்படுவதில்லை. சொன்னோமா இல்லையா என்றே மறந்துபோனால் திரும்பச் சொல்லக்கூடாது. வீணாகச் சொன்ன வாழ்த்து கடவுளின் பெயரை வீணாக எடுப்பதாகிவிடும்.

நடைமுறையில் முதல் வேலை கழுவுவதும் புழு பார்ப்பதும். கொட்டையை உடைத்து, உள்ளே சொத்தை இல்லை என்று பார்த்த பிறகே வாழ்த்து. முதலில் சொல்லிவிட்டுப் பார்த்தால் வாழ்த்து வீணாகலாம். பழத்தை வலக்கையில் பிடித்து, வாழ்த்தைச் சொல்லி, வேறு பேச்சின்றி உடனே கடிக்கவேண்டும். மறந்துபோய் வாயில் போட்டுவிட்டால், வெளியே எடுத்தாலும் அருவருப்பாகாத பண்டத்தை எடுத்துவிட்டும், மற்றதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டும் சொல்லலாம்.

தட்டில் பல மரப்பழங்கள் இருந்தால் ஒரே வாழ்த்து எல்லாவற்றுக்கும் போதும், ஆனால் எதைக் கையில் எடுத்துச் சொல்வது என்பதற்கு வரிசை உண்டு. விவிலியத்தின் உபாகமம் 8:8 சொல்லும் ஏழு விளைபொருள்களில் உள்ள பழங்கள் முந்தும். அந்த வசனத்தில் ‘நிலம்’ என்ற சொல் இருமுறை வருகிறது. அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு முதன்மை. அதன்படி ஒலிவம், பேரீச்சை, திராட்சை, அத்தி, மாதுளை என்று வரும்.

முன்வாழ்த்துக்குக் குறைந்தபட்ச அளவே இல்லை. ஒரு மாதுளை முத்துக்கும் சொல்லவேண்டும். உண்டபின் சொல்லும் வாழ்த்துக்குத்தான் அளவு உண்டு: ‘கஸாயித்’, ஓர் ஒலிவக் காயளவு. இதை அரை முட்டையளவு, அதாவது சுமார் 27 மில்லி என்று கொள்வோர் பலர், முட்டையில் மூன்றிலொரு பங்கு என்போரும் உண்டு. அவ்வளவையும் சில நிமிடங்களுக்குள் உண்டிருக்கவேண்டும். மேற்சொன்ன ஐந்து பழங்களுக்கு நீண்ட பின்வாழ்த்து, மற்ற பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் ‘போரே நெஃபாஷோத்’ என்ற சிறியது. ரொட்டியோடு உண்ணும் உணவின் பகுதியாகக் காய்கறி வந்தால், ரொட்டிக்குச் சொன்ன வாழ்த்தே அதையும் மூடிவிடும். சாப்பாட்டின் முடிவில் இனிப்புக்காகத் தின்னும் பழத்துக்கு மட்டும் தனியே சொல்லவேண்டும்.