மெமரி கார்டில் ஏறும் படமும் போனிலிருந்து இறங்கும் தகவலும்

படகுகள் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் பக்கத்துச் செல்போன் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஐஸும் டீசலும் படகில் ஏறியாகிவிட்டது, மிச்சம் மெமரி கார்டுதான். "பழைய பாட்டு ஒரு எரநூறு, புதுப்படம் ரெண்டு ஏத்திக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் கிடையாது. வலையை இறக்கிவிட்டு ராத்திரி முழுக்க முழித்திருக்க ஏதாவது ஓட வேண்டுமே.

மண்டபத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் எனக்கு இதில் பாதிப் பேர் பழக்கம். அதில் ஒரு தம்பி ஒரு நாள் முகம் வெளுத்துப்போய் வந்தான். படம் இறக்கப் போன இடத்தில் போன் திரை முழுக்கச் சிங்க முத்திரை. பதிப்புரிமைக் குற்றம், 3 ஆண்டு சிறை, உடனே அபராதம் கட்டவும் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே கார்டு நம்பர் போட ஒரு கட்டம். "அண்ணே, பாக்கப் போனதுக்கே உள்ள போட்டுருவாங்களா?"

அந்தத் திரை பொய். இந்தியாவில் எந்தக் காவல் துறையும் எந்த நீதிமன்றமும் பதிப்புரிமைக் குற்றத்துக்கு இப்படித் திடீரென்று திரையைப் பிடித்துக் கார்டு நம்பர் கேட்டு அபராதம் வசூலிப்பதில்லை. நீதிமன்ற உத்தரவாலோ அரசு உத்தரவாலோ உண்மையிலேயே முடக்கப்பட்ட தளம் என்றால், முடக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு வரும், இல்லையென்றால் பக்கமே திறக்காது, அவ்வளவுதான். திரையை மூட முடியாமல் அடம்பிடித்தால் போனை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். கட்டத்தில் ஒரு எண்கூடப் போட வேண்டாம்.

பொய்த் திரையில் இருந்த 3 ஆண்டு கணக்கு மட்டும் பொய்யில்லை. அதனால்தான் பயம் பிடித்துக்கொள்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63ஆவது பிரிவு: தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இரண்டாவது தடவை மாட்டினால் குறைந்தபட்சமே ஓராண்டு, ஒரு லட்சம். லாப நோக்கம் இல்லாமல் செய்திருந்தால் நீதிமன்றம் காரணத்தை எழுதிவிட்டுத் தண்டனையைக் குறைக்கலாம். இது வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, பார்த்தாலே குற்றமா? 2016 ஆகஸ்ட்டில் முடக்கப்பட்ட தளங்களில் ஏறக்குறைய அந்தப் பொருளில் ஒரு வாசகம் வந்து நாடே பதறியது. மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் அதைப் பார்த்துவிட்டு, குற்றம் பார்ப்பதில் இல்லை, அனுமதி இல்லாமல் விநியோகிப்பதிலும் பொதுவில் திரையிடுவதிலும் விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும்தான் இருக்கிறது என்று தெளிவாக்கினார். அதற்காக இறக்கி வைத்துக்கொள்வது சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தின் 52ஆவது பிரிவில், சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் நேற்று வெளியான படத்தின் திருட்டுப் பிரதியை முழுசாக இறக்கிவிட்டு 'நியாயமான அளவு' என்று வாதாட எந்த வக்கீலும் அவசரப்பட மாட்டார். கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு இந்த விலக்கே கிடையாது. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூட்டு உடைத்த மென்பொருளைத் தெரிந்தே வைத்துத் தொழில் செய்தால் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை இருக்கிறது.

தம்பிக்கு நான் சொன்ன கணக்கு வேறு. பார்க்கிறவனைவிடக் கைமாற்றுகிறவனுக்கு ஆபத்து, கைமாற்றுகிறவனைவிடக் காசு வாங்குகிறவனுக்கு. மெமரி கார்டு ஏற்றிக் கொடுக்கும் கடைக்காரர் இருப்பது கடைசி வகையில். 'நாலு பாட்டுதானே' என்று அவர் நினைக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது வியாபாரம். போதாக்குறைக்கு, நம் மாநிலத்தில் குண்டர் சட்டம் என்று சொல்கிறோமே, 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், அதில் 2004 முதல் திருட்டு வீடியோத் தொழிலும் சேர்ந்திருக்கிறது. விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை உள்ளே வைக்க முடியும். தியேட்டரில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பதற்கு 2023இல் திருத்திய திரைப்படச் சட்டப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு 5 வரை போகும். பெரிய நடிகர் படத்துக்கு அந்த 5 எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில், ஒரே கோப்பைப் பல பேர் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டோரண்ட் ஒரு தனிக் கேடு. இறக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அந்த முறையில் நம் போனுக்கு வந்து சேர்ந்த துண்டுகளை, நாம் கேட்காமலே, அது இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். நாம் விநியோகஸ்தர் ஆகிவிட்டோம் என்பதே தெரியாது. நம் இணைப்பின் ஐபி முகவரியும் அந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அப்ப கடலில் என்னத்தைப் பார்ப்பது என்றால், சந்தா கட்டின ஆப்பிலேயே இறக்கி வைத்துக்கொள்ள ஒரு பட்டன் இருக்கும். கரையில் சிக்னல் இருக்கும்போது அதை அழுத்திவிட்டால் அந்த ஆப்பிற்குள் இணையம் இல்லாமல் ஓடும். வேறு போனுக்கு மாற்ற முடியாது, சில நாளில் காலாவதியாகும், ஆனால் அனுமதியோடு வந்தது.

புத்தகத்துக்கு வருவோம். என் சென்டரில் பிரிண்ட் கேட்டு வரும் பிடிஎஃப்களில் முக்கால்வாசி கலாம் அய்யா எழுதியது. ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் ஆயிற்றே, கேட்காமல் இருப்பார்களா? நூலுக்கான உரிமை ஆசிரியர் இருக்கும்வரை, அவர் மறைந்த பின் 60 ஆண்டு. அந்த 60, மறைந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியில் தொடங்கும். அவர் மறைந்தது 2015 ஜூலை 27. ஆக 2075 முடியும்வரை அவர் புத்தகங்களுக்கு உரிமை உண்டு. முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் போட்டு நான் காசு வாங்கினால் நானும் மெமரி கார்டுக்காரரும் ஒன்று. ஒரு பக்கத்தைப் பேச்சுப் போட்டிக்கு மேற்கோள் எடுத்தால் பிரச்சினை இல்லை. பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் எடுத்துக்கொள்ளவும் 52ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

நேர் எதிர் உதாரணமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராமநாதபுரத்தில் சமாதி கொண்ட தாயுமானவர் பாடல்களுக்கு இன்று யாரும் உரிமை கேட்க முடியாது. அதே பாடலுக்கு இன்றைய பேராசிரியர் ஒருவர் எழுதிய உரை இருந்தால், உரை மட்டும் அவருடையது. இது தவிர, தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையை வாங்கி மக்களுக்கு விட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். பாரதியார் பாடல்களில் 1949இல் ஆரம்பித்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இவை கிடைக்கும். 1998 முதல் மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் தட்டச்சு செய்து வைத்தவையும் உண்டு. பள்ளிப் பாடநூலை அரசே இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகிறது. இவ்வளவு இருக்க, விளம்பரம் எட்டு வந்து விழும் ஏதோ ஒரு தளத்தில் போய் ஏன் விழ வேண்டும்?

பக்கத்தின் அடியில் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று இல்லையே என்று சிலர் கேட்பார்கள். அப்படி எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பதிவு செய்யவும் தேவையில்லை. எழுதியவுடன், எடுத்தவுடன் உரிமை பிறந்துவிடும். எதிர்ப்பக்கமாக, 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்று போட்டிருந்தால் உரிமைக்காரரே அனுமதி கொடுத்திருக்கிறார் என்று பொருள். பெயர் போட வேண்டுமா, விற்கக் கூடாதா, மாற்றக் கூடாதா என்ற நிபந்தனையை மட்டும் பாருங்கள்.

இது நமக்கு எதிராக மட்டும் இருக்கும் சட்டமும் இல்லை. சூரை இழுப்பதையும் கணவாய் பிடிப்பதையும் நடுக்கடலில் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிற பையன்கள் இந்தக் கரையில் எத்தனை பேர்! அந்த வீடியோவை வேறொருவன் அறுத்து ஒட்டித் தன் சேனலில் போட்டால் அதே 63 அவன் மேல் பாயும். தளத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள் சொல்கின்றன. 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கவில்லை என்றால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். யூடியூபில் இதற்குத் தனிப் படிவமே இருக்கிறது. அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், எடுத்த தேதி அதில் இருக்கும்.

இதுவரை சொன்னது கோப்பு யாருடையது என்ற கதை. கோப்போடு சேர்ந்து நம்மிடமிருந்து என்ன போகிறது என்பது அடுத்தது. என்னைக் கேட்டால் இந்தக் கரையில் பணம் போவது இந்த வழியில்தான்.

சின்னப்பாலத்து அக்கா ஒருவர், பாசி எடுக்கப் போகிறவர், தடைக்காலம் முடிகிற சமயம் போனோடு வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கடல் மூடியிருக்கும், அதற்கான நிவாரணம் வங்கிக் கணக்குக்கு வரும். வாட்ஸ்அப் குழுவில் 'நிவாரணப் பட்டியல்' என்று ஒரு கோப்பு. அழுத்தினால் பட்டியல் திறக்கவில்லை, ஏதேதோ அனுமதி கேட்கிறது. "எல்லாத்துக்கும் சரி சரின்னு குடுத்தேன் தம்பி, பேரு மட்டும் வரல." கோப்பின் பெயரின் கடைசியைப் பார்த்தேன். பிடிஎஃப் இல்லை, ஏபிகே.

பட்டியல் என்றால் பிடிஎஃப்பாகவோ படமாகவோ வரும். ஏபிகே என்பது பட்டியலே இல்லை, போனில் ஒரு ஆப்பை ஏற்றும் கோப்பு. அது கேட்டவை மூன்று: குறுஞ்செய்தியைப் படிக்க, தொடர்பு எண்களைப் பார்க்க, அக்சஸிபிலிட்டி என்ற வசதியைத் திறக்க. முதலாவதைக் கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபி அவர்களுக்கும் போகும். இரண்டாவதில் நம் சொந்தக்காரர்கள் எல்லாருடைய எண்ணும் போகும். மூன்றாவது, பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக வைத்தது. அதைத் தவறான ஆளிடம் கொடுத்தால் நம் திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாக அழுத்தவும் முடியும்.

அனுமதி கேட்கிற எல்லாமும் திருட்டு என்றும் சொல்ல முடியாது. கடல் நிலை சொல்கிற ஆப், ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை எச்சரிக்கையைத் தருகிற ஆப், நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்பது நியாயம். இடம் தெரியாமல் அங்கே காற்று எப்படி என்று சொல்ல முடியாது. அதே ஆப் என் மச்சான் நம்பரைக் கேட்டால்? காற்றுக்கும் மச்சானுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைத்தான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் கேட்கிறது. சட்டத்துக்குள்ளேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: போனில் மருத்துவ ஆலோசனை தரும் ஆப், தொடர்பு எண்களையும் கேட்கிறது, நாமும் இரண்டுக்கும் சரி என்று அழுத்திவிடுகிறோம். அப்போதும் அந்தச் சம்மதம் மருத்துவத்துக்குத் தேவையான அளவுக்குத்தான் செல்லும், தொடர்பு எண்களுக்குச் செல்லாது. எந்தத் தகவல், எதற்காக என்று அறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்க நமக்கு உரிமை உண்டு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் மொழிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம், கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கும் 10,000 வரை உண்டு.

ஒரு சிக்கல், விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. தகவல் பாதுகாப்பு வாரியம் பற்றிய பகுதி உடனே அமலுக்கு வந்தது. மேலே சொன்ன உரிமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. அதுவரை பெரிய சமூக வலைத்தளங்களில் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும். ஏபிகே அனுப்புகிற திருடனுக்கு எந்த விதியும் எழுதிப் பயனில்லை, அங்கே கூப்பிட வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930.

அந்த எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்தில் கூப்பிட்டால், அது கை மாறிக் கை மாறிப் போவதற்குள் நடுவில் இருக்கிற கணக்கை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போய்க்கொள்ளலாம் என்று படுத்தால் கஷ்டம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். வங்கிக் குறுஞ்செய்தி, பரிவர்த்தனை எண், அந்தக் கோப்பு வந்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருந்தால் போதும்.

அக்கா போனை வாங்கி முதலில் விமானக் குறியைப் போட்டேன், இணையம் அறுந்தது. சிம்மைக் கழற்றி என் பழைய பட்டன் போனில் போட்டு வங்கிக்குப் பேசிக் கணக்கை நிறுத்தினோம். நல்லவேளை, பணம் போகவில்லை. அந்த ஆப்புக்கு அக்சஸிபிலிட்டி அனுமதியை எடுத்த பிறகுதான் அதை நீக்கவே விட்டது. அப்புறம் அனுப்பினவருக்குக் கூப்பிட்டோம். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, அவர் போனே அவர் பெயரில் எல்லாக் குழுவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா இருக்கும் குழுவில் நாற்பத்து மூன்று பேர். எட்டு மணிக்கு ஆரம்பித்து, ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு "அதைத் தொறக்காதீங்க" என்று சொல்லி முடிக்கப் பதினொன்று ஆகிவிட்டது. இரண்டு பேர் எடுக்கவில்லை, கடலில் இருந்தார்கள்.