அரைத்த மஞ்சளின் நிறம் எங்கே போகிறது?

ஈரோட்டுப் பக்கம் விலை ஏறும்வரை விரலி மஞ்சளை மூட்டை மூட்டையாக வருடக்கணக்கில் இருப்பு வைக்கும் விவசாயிகள் உண்டு. நன்றாகக் காய்ந்து, வண்டு விழாமல் இருந்தால், உடைத்துப் பார்க்கும்போது உள்ளே நிறம் அப்படியே இருக்கும். மகாராஷ்டிராவில் சாங்லிக்கு அருகே ஹரிப்பூரில் இதற்காக மண்ணுக்குள் ஆழமான குழிகளையே தோண்டி வைத்திருந்தார்கள். வெளிச்சமும் புதிய காற்றும் எட்டாத அந்தக் குழிகளில் மஞ்சள் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடந்தது. அதே மஞ்சளை அரைத்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். சில மாதங்களில் வெளுக்கத் தொடங்கிவிடும்.

அரைக்கும்போது மஞ்சளுக்குள் இருக்கும் சரக்கு மாறுவதில்லை. மாறுவது பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர். அதை 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள துணுக்குகளாக்கினால் 10 லட்சம் துணுக்குகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். காற்றும் ஈரமும் வெளிச்சமும் தொடக்கூடிய இடம் நூறு மடங்காகிவிட்டது. மஞ்சள் தூளை எப்படிக் கையாள்வது, எங்கே வைப்பது என்ற பேச்சு முழுவதும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் வெளிச்சம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமினும் அதன் இரண்டு உறவுச் சேர்மங்களும். சாதாரண மஞ்சளில் இவை மூன்றும் சேர்ந்து எடையில் 2 முதல் 5 சதவீதம்வரை இருக்கும்; மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. குர்குமின் மூலக்கூறு ஏறக்குறைய 425 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா, நீல ஒளியை விழுங்குகிறது. விழுங்கியது போக மிஞ்சித் திரும்பும் ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. விழுங்கிய ஆற்றலை அந்த மூலக்கூறு எங்காவது செலவழித்தாக வேண்டும். பெரும்பாலும் அது வெப்பமாகப் போய்விடும். சில நேரம் மூலக்கூறின் நடுவிலுள்ள சங்கிலியே அறுந்துபோகும். அறுந்த துண்டுகளில் ஒன்று வனிலின், ஐஸ்கிரீமில் வாசனைக்குச் சேர்க்கிறார்களே, அதேதான். இந்தத் துண்டுகளுக்கு நிறம் கிடையாது. சோப்புக்கு அசையாத சட்டை மஞ்சள் கறையை ஒரு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டால் போய்விடுகிறதல்லவா? பாட்டிலில் இருக்கும் தூளுக்கும் மெதுவாக அதுவேதான் நடக்கிறது.

அதனால், பார்க்க அழகாக இருக்கிறது என்று மஞ்சள் தூளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு அலமாரிக்கு வெளியே வரிசையாக வைக்கும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியே எவ்வளவோ மேல். கடையில் வெயில் படும்படி சரமாகத் தொங்கும் கண்ணாடித்தாள் பாக்கெட்டை வாங்காதீர்கள்; உள்ளே இருட்டில் இருக்கும் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஈரம். எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் நிறம் போனால் குழம்பு வெளுக்கும், ஈரம் ஏறினால் உடம்பு கெடும். மஞ்சளிலுள்ள மாவுச்சத்து காற்றிலிருந்து நீராவியை இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். மூடியைச் சரியாக மூடாவிட்டால் தூள் அந்த ஈரத்துக்கு ஈடாகும்வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். துணுக்குகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் பாலம்போல் உருவாகி அவற்றை ஒட்டவைக்கும். கட்டி விழுவது இப்படித்தான். சுற்றுக் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குள் இருக்கும்போது தூளில் பூஞ்சை வளர்வது ஏறக்குறைய முடியாது. அதற்கு மேலே போனால் கதவு திறந்துவிடும். மசாலாப் பொருள்களில் வளரும் அஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகளில் சில அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கக்கூடியது. வீட்டுச் சமையல் சூட்டுக்கு முழுவதும் அழியாது. ஆகவே பூஞ்சை வாடை வரும் தூளைச் சலித்தோ வெயிலில் வைத்தோ மீட்கப் பார்க்க வேண்டாம். கொட்டிவிடுங்கள்.

ஈரம் மழையால் மட்டும் வருவதில்லை, நாமே உள்ளே விடுகிறோம். மில்லில் அரைத்து வாங்கி வரும் தூள் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் தூளிலிருந்து கிளம்பும் நீராவி குளிர்ந்த மூடியில் பட்டுத் துளியாகி மேல்தூளில் விழும். ‘ஆறவிட்டு அடை’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆறவிடும்போது வெயிலில் பரப்பாமல் நிழலில் காகிதம் விரித்துப் பரப்புவது நல்லது. கொதிக்கும் குழம்புக்கு நேர் மேலே டப்பாவைப் பிடித்துக்கொண்டு தூளைக் கொட்டுவதும் இதே தப்புதான். ஆவி நேராக டப்பாவுக்குள் போகும். தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிய பிறகு அடுப்புக்குப் போங்கள். ஃபிரிட்ஜில் வைப்பவர்கள், வெளியே எடுத்த டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. குளிர்ந்த தூளின் மேல் அறைக்காற்றின் ஈரம் பனியாகப் படியும்.

அடுப்பங்கரை என்றதும் வாசனையையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளின் மணம் டர்மெரோன் முதலிய ஆவியாகும் எண்ணெய்களிலிருந்து வருகிறது. அடுப்புக்கு மேலுள்ள பலகையில் வைத்தால் அது சீக்கிரம் பறந்துவிடும்.

மூன்றாவது எதிரி காரம். மிளகாய்க் காரத்தைச் சொல்லவில்லை, சுண்ணாம்பு, சோப்பு, ஆப்பசோடா வகைக் காரம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பது எல்லோரும் பார்த்ததுதான். காரத்தில் குர்குமின் மூலக்கூறு ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அது விழுங்கும் ஒளியும் மாறுகிறது. அந்தச் சிவப்பு நிலைக்காது. கரைசலில் குர்குமின் வேகமாகச் சிதையும். உடல் சூட்டில், காரமோ அமிலமோ இல்லாத நிலைக்குச் சற்றே மேலே உள்ள 7.2 பி.எச். கரைசலிலேயே அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடுவதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். புளி, எலுமிச்சை போன்ற அமிலத்தில் அது நன்றாகத் தாங்கும். சோடா உப்பு எடுத்த கரண்டியைத் துடைக்காமல் மஞ்சள் டப்பாவில் விடாதீர்கள்.

இதுவரை சொன்னது வீட்டு அளவு. மூட்டை மூட்டையாக அரைக்கும், சலிக்கும், கலக்கும் இடங்களில் பரப்புக் கணக்கு வேறொரு முகத்தைக் காட்டும். எரியக்கூடிய எந்தப் பொருளும் நுண்தூளாகிக் காற்றில் மிதந்தால், ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் ஆக்சிஜன் தயாராக நிற்கிறது. ஒரு பொறி போதும், தீ துணுக்கிலிருந்து துணுக்குக்குத் தாவி நொடிக்குள் மேகம் முழுவதையும் பிடித்துவிடும். மூடிய அறையாக இருந்தால் அது வெடிப்பு. 2015 ஜூன் 27 அன்று தைவானின் நியூ தைபேய் நகரில், ஃபோர்மோசா ஃபன் கோஸ்ட் என்ற நீர்விளையாட்டுப் பூங்காவில் நிறமேற்றிய சோள மாவுத் தூளைக் கூட்டத்தின் மேல் தூவிக் கொண்டாடினார்கள். தூள் பற்றிக்கொண்டது. 15 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 500 பேர் தீக்காயமடைந்தார்கள். திறந்த வெளியிலேயே இவ்வளவு. தூவியது சமையலறையில் இருக்கும் சாதாரண மாவு, அதில் கொஞ்சம் நிறம்.

மஞ்சள் தூளும் எரியக்கூடியதுதான். வீட்டில் ஒரு கரண்டியால் இந்த ஆபத்து வராது. ஆனால் மில்லில் உத்தரத்திலும் மின்விளக்கின் மேலும் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூசி படிந்திருந்தாலே கவனிக்க வேண்டும், ஏதோ ஒரு அதிர்வில் அது மொத்தமும் காற்றில் எழும்பலாம். அதை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளுவது மேகத்தை நாமே உண்டாக்குவது. தூசிக்கென்று செய்யப்பட்ட உறிஞ்சும் கருவியால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். முகக்கவசம் கொடுப்பது முதலாளியின் கடமை. துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்வது போதாது.

உணவுத் தொழிலில் மஞ்சள் தூளுக்குப் பதிலாகப் பிரித்தெடுத்த குர்குமினையும் வாங்குகிறார்கள். லேபிளில் ஈ 100 என்று இருப்பது அதுதான். 95 சதவீதச் சரக்கில் ஒரு கிராம், ஏறக்குறைய 19 முதல் 47 கிராம் சாதாரண மஞ்சளுக்குச் சமம். ஒருவர் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் குர்குமின்வரை உட்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு வைத்த வரம்பு. 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். செறிவூட்டிய தூளில் அது ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடும். அதைக் கண் அளவில் போடக் கூடாது, தராசில் நிறுத்துதான் போட வேண்டும். டப்பாவில் பெரிய எழுத்தில் பெயரும் செறிவும் எழுதி, சமையல் மஞ்சளை விட்டுத் தள்ளி வேறு அலமாரியில் வையுங்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்.