வட்டை அழித்து லினக்ஸ் நிறுவும் முன்

சென்ற வாரம் ஓர் ஆய்வு மாணவி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிய தன் மடிக்கணினியை என் மேசைமேல் வைத்தார். "லினக்ஸ் நன்றாக ஓடுகிறது சார். பழைய கோப்புகளை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும்" என்றார். ஐந்து ஆண்டு உழைப்பு அந்தக் கணினியில் மட்டுமே இருந்திருக்கிறது. உள்ளே இருந்தது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தகடு இல்லாமல் சிப்களில் பதியும் வட்டு. நிறுவும்போது வட்டு முழுவதையும் அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இவ்வளவு கேட்டதுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் பார்க்காமல் கையை விரிக்க மனம் வரவில்லை. வட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை படித்தேன். புதிய இயங்குதளம் எழுதியதைத் தவிர எல்லா இடத்திலும் பூஜ்யம்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து லினக்ஸுக்கு மாறிவிட்டு இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். லினக்ஸ்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தரவு மீட்பு வேலை முழுவதையும் நான் அதில்தான் செய்கிறேன். "இருபது நிமிட வேலை, தைரியமாகப் போடு" என்று ஊக்கப்படுத்துகிறவர்கள்மேல்தான் வருத்தம். லினக்ஸ் வகைகளில் உபுண்டுவா மின்டா, திரைத் தோற்றங்களில் குனோமா கேடிஇயா என்று விடிய விடிய வாதாடுகிறோம். புதிதாக வருகிறவரிடம் "உன் கோப்புகளுக்கு நகல் இருக்கிறதா?" என்று ஒரு வரி கேட்க நமக்கு நேரமில்லை.

அதைவிட என்னைச் சோர வைப்பது, "அழித்தால் என்ன, மீட்டுவிடலாம்" என்ற நம்பிக்கை. இது ஹார்ட் டிஸ்க் காலத்து உண்மை. அங்கே ஒரு கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை தகட்டில் பதிவு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் சாதிப்பது அதனால்தான். எஸ்எஸ்டியின் கதை வேறு. அதில் பழைய பதிவின்மேல் அப்படியே புதியதை எழுத முடியாது. முதலில் துடைத்தாக வேண்டும். அதனால் எந்தெந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று இயங்குதளமே வட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. டிரிம் என்பது அந்த ஆணைதான். அது போன பிறகு அந்த இடங்களைப் படித்தால் பெரும்பாலான வட்டுகள் பூஜ்யத்தைத்தான் திருப்பித் தருகின்றன. லினக்ஸில், வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையான எக்ஸ்ட்4 கோப்பமைப்பை உருவாக்கும் கருவியோ, வேண்டாம் என்று தடுத்தாலொழிய, உருவாக்கும்போதே அந்தப் பகுதி முழுவதற்கும் இந்த ஆணையை அனுப்பிவிடும். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கூடுதல் பணம் தருகிறேன் என்றாலும், விலை உயர்ந்த மென்பொருள் வாங்கித் தருகிறேன் என்றாலும் என் பதில் மாறாது. இல்லாததைப் படித்துத் தர எந்த மென்பொருளும் இல்லை.

"டைம்ஷிஃப்ட் போட்டிருந்தேனே" என்பார்கள் சிலர். அது இயங்குதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்புவதற்கான கருவி. உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது இயல்பாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அதன் பிரதியும் பலரிடம் அதே வட்டில்தான் இருக்கிறது.

ஆகவே நிறுவும் முன் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். அந்த நகலை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிறகு வெளி வட்டைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். நிறுவும் மென்பொருள் காட்டும் பட்டியலில் அதுவும் வரும்; அவசரத்தில் அதையே அழித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. வட்டுகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது அவை இடம் மாறலாம். கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்து வட்டை அடையாளம் காணுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே கணினி தொடங்கும்போது இயங்குதளத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் அமைப்பில் கை வையுங்கள்.

தவறு நடந்துவிட்டதா? உடனே கணினியை அணைத்துவிடுங்கள். மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவாதீர்கள், தயவுசெய்து. ஹார்ட் டிஸ்க் என்றால் இந்த ஒரு நிதானத்தால் பெரும்பகுதி கிடைத்துவிடக்கூடும். எஸ்எஸ்டி என்றால் வட்டை விட்டுவிட்டு வேறு இடங்களில் தேடுங்கள்: அனுப்பிய மின்னஞ்சல்கள், நண்பருக்குக் கொடுத்த பென் டிரைவ், பழைய தொலைபேசி.

அந்த மாணவிக்கும் அதைத்தான் சொன்னேன். ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்கள் நெறியாளரின் மின்னஞ்சலில் கிடைத்தன. மற்ற இரண்டையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்.