வயிறு தள்ளும் கல் சுவர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் கைவிடப்பட்ட பண்ணை வீடு ஒன்றின் படத்தை அனுப்பி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கூரை போய்விட்டது. ஒரு சுவர் நூல் பிடித்தாற்போல நிற்கிறது. பக்கத்துச் சுவர் பானை வயிறு போலப் பிதுங்கிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே கல். ஏன் இப்படி?"

சுவர் என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரே சுவர் இல்லை. விடை அதில்தான் இருக்கிறது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் யார்க்‌ஷயரை ஒட்டி ஓடும் பென்னைன் மலைத்தொடரில் எழுந்த இந்த வீடுகளுக்குப் பக்கத்துக் குன்றில் வெட்டிய மணற்கல்தான் மூலப்பொருள். பல வீடுகளில் குடும்பத்துக்கும் மாடுகளுக்கும் ஒரே நீளக் கூரைதான். கூரையில் ஓட்டுக்குப் பதில் கல் பலகைகள். பெரியவை இறவாரத்தில், மேலே போகப் போகச் சிறியவை. ஒவ்வொன்றையும் துளையிட்டு, ஓக் மர ஆணி செருகி, மரச்சட்டத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கிலோ வரை எடை. அதைத் தாங்க ஏறக்குறைய இரண்டடி கனத்தில் சுவர்.

அந்த இரண்டடியும் முழுக்கல் அல்ல. வெளிப்பக்கம் ஒரு கல் வரிசை, உள்பக்கம் இன்னொன்று. நடுவே சில்லுக் கல்லும் மண்ணும் கொஞ்சம் சுண்ணாம்புக் காரையும் போட்டு நிரப்பியிருப்பார்கள். முதுகோடு முதுகு நிற்கும் இரண்டு மெல்லிய சுவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றைச் சேர்த்துப் பிடிப்பது ஊடுகல்: வெளிமுகத்தில் தொடங்கி உள்முகம் வரை குறுக்கே ஓடும் நீளக் கல். ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒன்று வைப்பது நல்ல கொத்தனாரின் வழக்கம். ஆனால் இரண்டடி நீளக் கல்லை வெட்டி எடுத்து, சுமந்து, தூக்கி வைப்பது எளிதல்ல. கிடைக்காத இடத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எது ஊடுகல், எது குட்டைக் கல் என்று தெரியாது.

இனி தண்ணீரின் வேலையைப் பாருங்கள். ஓக் ஆணி ஒன்று உளுத்து ஒரு கல் பலகை நழுவுகிறது. அந்த ஓட்டை வழியே மழை இறங்கிச் சட்டம் மக்குகிறது, அடுத்த பலகைகளும் நழுவுகின்றன. சுவரில் பதிந்த உத்தரத்தின் முனை அழுகுகிறது. கடைசியில் சுவரின் உச்சி வானத்தைப் பார்க்கிறது. மழை இப்போது நேராக நடு நிரப்புக்குள் இறங்குகிறது. அங்குள்ள மண்ணையும் நைந்த காரையையும் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. மேலே வெற்றிடம், கீழே நெரிசல். பிடிமானம் இழந்த சில்லுகள் சரிந்து சரிந்து ஆப்பு போல இறுகி, இரண்டு தோல்களையும், அதாவது வெளி, உள் கல் வரிசைகளை, வெளியே நெட்டுகின்றன. குளிர்காலத்தில் உள்ளே தேங்கிய நீர் உறைந்தால் கன அளவில் 9 சதவீதம் பெருகும். கல் சற்று நகரும். பனி உருகியதும் அந்த இடைவெளியில் இன்னொரு சில்லு வந்து விழும், கல் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஆப்பு ஒருபோதும் பின்வாங்குவதில்லை. இந்த ஒருவழிப் பயணம்தான் வயிறு. ஊடுகல் இருக்கும் இடத்தில் தோல்கள் பிடிபட்டு நிற்கும், இல்லாத இடத்தில் பிதுங்கும். மழைக்காற்று அறையும் மேற்குச் சுவர் முதலில் போவதும் இதனால்தான்.

இதே கோளாறுதான் 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அங்கும் கனத்த இரட்டைத் தோல் கல் சுவர்கள், அவற்றைக் கோர்க்கும் ஊடுகல் இல்லை. யார்க்‌ஷயரில் பல பத்தாண்டுகள் எடுக்கும் பிரிவு நிலநடுக்கத்தில் சில நொடிகளில் முடிந்துவிட்டது. அதன்பிறகு அப்பகுதி வீடுகளை வலுப்படுத்தியபோது, சில கற்களைப் பிடுங்கித் துளை செய்து, கொக்கிக் கம்பி வைத்து, கான்கிரீட் நிரப்பிச் செயற்கை ஊடுகல் செய்தார்கள்.

பழுதுபார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கல் இடுக்குகளில் சுண்ணாம்புக் காரைக்குப் பதில் சிமென்ட் பூசுவது. போர்ட்லண்ட் சிமென்டுக்கு 1824இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் அதே யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். சுண்ணாம்புக் காரை மென்மையானது, நுண்துளை உள்ளது. சுவரின் ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். விளிம்பில் மயிரிழை விரிசல் விழுந்து நீர் உள்ளே போகும், ஆனால் வெளியேற முடியாது. கல்லின் வழியாகவே வெளியேறப் பார்க்கும். உப்பும் உறைபனியும் சேர்ந்து கல்லின் முகத்தை உரித்தெடுக்கும். சில ஆண்டுகளில் கல் தேய்ந்து, சிமென்ட் மட்டும் சட்டம் போலத் துருத்தி நிற்கும். கடுக்காய் நீர் சேர்த்த காரையால் கட்டிய நம் ஊர்ப் பழைய சுவர்களிலும் இதே தவறு இன்றும் நடக்கிறது.

சரியான முறை: பழைய காரையை உளியால் கையாலேயே சுரண்டுங்கள். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர். தூசியைக் கழுவி, கல்லை நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கூர்மணல் கலந்து அழுத்தி ஏற்றுங்கள். பிறகு ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். காரை இறுகுவது காற்றின் கார்பன் டை ஆக்ஸைடை வாங்கித்தான். அந்த வாயு கரைவதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். சட்டென்று காய்ந்தால் காரை பொடியாகவே நின்றுவிடும். சொட்டச் சொட்ட நனைந்தாலோ துளைகள் அடைபட்டு வாயு நுழையாது. நீரில் அது காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். 5 டிகிரிக்குக் கீழே இந்த வேலையைத் தொடவே கூடாது.

பிரிட்டனின் வரிமுறையும் பழைய வீடுகளுக்கு எதிராகவே இருக்கிறது. குடியிருக்கும் பழைய வீட்டின் கூரையைச் சரிசெய்தால் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி, புதிய வீடு கட்டினால் பூஜ்யம். நழுவிய ஒரு கல் பலகையை அன்றே மாற்றுபவருக்கு வரி போட்டுவிட்டு, சுவர் விழுந்தபின் பாரம்பரியம் போயிற்றே என்று வருந்துவது பெரிய அநியாயம்.

கூரை போன வீட்டைக் காப்பாற்ற முதலில் கவனிக்க வேண்டியது சுவரின் உச்சி. மண்ணோடு வெட்டிய புல் பத்தைகளை அங்கே பரப்பினால் போதும். மழையை அவை உறிஞ்சி மெல்ல ஆவியாக்கும், உறைபனியும் எளிதில் கல்லை எட்டாது. சுவரில் முளைத்த மரக்கன்றை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். வேர் வரும்போது நடு நிரப்பும் கூடவே வரும். அடியோடு அறுத்து, வேரை உள்ளேயே மடியவிடுங்கள்.