காரமே விலாசம்

வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "கடுகின் காரம் பூச்சிகளை விரட்டும் என்கிறார்கள். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் கடுகுக்கு உறவுதானே? பக்கத்தில் உள்ள செடிகளையெல்லாம் விட்டுவிட்டு இவற்றை மட்டும் ஏன் புழுக்கள் தேடி வந்து சல்லடையாக்குகின்றன?"

இந்தக் கேள்வியை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். அந்த உறவுதான் புழுவை வரவழைக்கிறது, காரத்தை அடையாளமாக வைத்துத்தான் அது வருகிறது என்பது பதில். அதை விளக்குமுன், வந்திருப்பது யார் என்று பார்த்துவிடுவோம். "புழு" என்ற ஒரே சொல்லுக்குள் பல ஆட்கள் இருக்கிறார்கள்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில், நிறுத்தி வைத்த புட்டி போல முட்டைகள் தனித்தனியாக இருந்தால் அது சின்ன வெள்ளை வண்ணத்துப்பூச்சி. அதன் புழு வெல்வெட் பச்சை, நரம்போடு நரம்பாகப் படுத்துக் கிடக்கும். இலையிடுக்கில் உள்ள ஈரப் பச்சை எச்சம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். அதே முட்டைகள் கூட்டமாக இருந்தால் பெரிய வெள்ளை. அதன் புழுக்கள் கரும்புள்ளிகளோடு கும்பலாக மேயும். இலையின் மேல்தோல் மட்டும் கண்ணாடி போல மிஞ்சியிருக்க, அடிப்பக்கம் சுரண்டப்பட்டிருந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. ஒரு சென்டிமீட்டர் நீளம், இரு முனையும் ஒடுங்கியிருக்கும். தொட்டால் துடித்துப் பின்னோக்கி நெளிந்து, நூலில் தொங்கி இறங்கிவிடும். நாற்றின் இலையில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள், கிட்டப் போனால் துள்ளி மறையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கருவண்டு: அது தெள்ளு வண்டு. குருத்தில் சாம்பல் பூசியது போல அப்பியிருப்பது அசுவினி. பளபளக்கும் சளித் தடம் இருந்தால் நத்தை. அதற்கும் காரத்துக்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடலாம்.

சரி, காரத்துக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு முழுக் கடுகை நாக்கில் வைத்தால் காரமில்லை. கடித்து நொறுக்கி, சில நொடி கழிந்த பிறகுதான் மூக்கில் ஏறுகிறது. கொதிநீரில் ஊறிய கடுகை மென்றால் அந்தக் காரமும் இருக்காது. ஏனென்றால் காரம் கடுகுக்குள் தயாராக இல்லை, கடிக்கும்போதுதான் பிறக்கிறது. கடுகுக் குடும்பச் செடிகள் குளுக்கோசினோலேட் என்ற சேர்மங்களைச் சில செல்களில் சேமிக்கின்றன. இவற்றில் நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மைரோசினேஸ் என்ற நொதியை வேறு செல்களில் வைத்திருக்கின்றன. மருந்து ஓர் அறையில், திரி இன்னோர் அறையில். புழுவின் தாடை இடைச்சுவரை உடைத்ததும் இரண்டும் கலக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரே கடுகெண்ணெய் வெடிகுண்டு. கொதிநீரில் நொதி சிதைந்துபோவதால் திரி நமுத்துவிடுகிறது.

குளுக்கோசினோலேட் மூலக்கூறை மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு குளுக்கோஸ், ஒரு சல்ஃபேட், இவற்றைத் தாங்கும் ஒரு வால். மைரோசினேஸ் குளுக்கோஸைக் கத்தரிக்கிறது. மிச்சம் இருப்பது நிலைகொள்ளாத பொருள். சல்ஃபேட் தானாகக் கழன்று விழ, அணுக்கள் இடம் மாறி அமர்ந்து ஐசோதயோசயனேட் உருவாகிறது. அதுதான் காரம். அது புரதங்களில் உள்ள கந்தகத்தையும் நைட்ரஜனையும் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்க வைக்கும். நமக்கு அது மூக்கு எரிச்சல், அவ்வளவுதான். நம் நரம்பு முனையில் டிஆர்பிஏ1 என்ற வாயில் அதனால் திறக்கிறது. பழக்கமில்லாத பூச்சிக்கோ அது நஞ்சு. அதனால்தான் பெரும்பாலான பூச்சிகள் இந்தச் செடிகளின் பக்கமே வருவதில்லை. கடுகு பூச்சியை விரட்டும் என்று வாசகி கேள்விப்பட்டது பொய்யில்லை.

விரட்ட முடியாத சிலரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 2002-ல் ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் வைரமுதுகுப் புழுவின் குடலில் ஒரு நொதியைக் கண்டறிந்தார்கள். அது மைரோசினேஸ் கைவைக்கும் முன்பே குளுக்கோசினோலேட்டிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றி எடுத்துவிடுகிறது. சல்ஃபேட் போன மூலக்கூறை மைரோசினேஸால் அடையாளம் காண முடியாது. சாவி இருக்கிறது, பூட்டு மாறிவிட்டது. மெல்லும்போதே இரண்டு நொதிகளும் கலந்துவிடும் என்பதால் இது ஒரு பந்தயம். புழு ஒவ்வொரு கடியிலும் அதில் முந்துகிறது.

வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு இப்படிச் செய்வதில்லை. அது மைரோசினேஸை வேலை செய்யவிடுகிறது. குளுக்கோஸ் கழன்று, நிலைகொள்ளாத பொருள் ஐசோதயோசயனேட்டாக மாறப்போகும் அந்தக் கணத்தில், புழுவின் குடலில் உள்ள ஒரு புரதம் தண்டவாளத்தை மாற்றிவிடுவது போல அதை வேறு திசைக்குத் திருப்புகிறது. காரத்துக்குப் பதில் நைட்ரைல் என்ற, நஞ்சு குறைந்த பொருள் வருகிறது; எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. இது 2004-ல் வெளிவந்தது. ஒரே வேதிவினை. ஒரு பூச்சி அதன் முதல் படிக்கு முன்பு குறுக்கிடுகிறது, இன்னொன்று கடைசிப் படியில். இரண்டும் தனித்தனியாக, ஒன்றையொன்று அறியாமல் கண்டுபிடித்த வழிகள். இதை முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அசுவினி வேறு ரகம். ஊசி வாயால் செல்களை உடைக்காமல் சாற்றை உறிஞ்சுவதால் வெடிக்கவே விடுவதில்லை. போதாததற்கு, உறிஞ்சிய குளுக்கோசினோலேட்டை உடலில் சேர்த்து வைத்து, தனக்கென்று ஒரு மைரோசினேஸையும் தானே தயாரித்துத் தசைகளில் வைத்திருக்கிறது. பொறிவண்டு அதைக் கடித்தால் அசுவினியே வெடிக்கிறது. செடியின் ஆயுதம் அப்படியே அதன் எதிரியின் கையில்.

இனி விலாசத்துக்கு வருவோம். நஞ்சை முறிக்கத் தெரிந்த பூச்சிக்கு அந்த நஞ்சின் வாசனை "இங்கே சாப்பாடு உண்டு, போட்டி இல்லை" என்ற அறிவிப்பு. 1910-ல் டச்சுத் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட், வெள்ளை வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் தொடாத ஓர் இலையில் கடுகுக் குடும்பத்துக் குளுக்கோசினோலேட்டான சினிகிரினைப் பூசினார். புழுக்கள் தின்ன ஆரம்பித்தன. தாய்ப்பூச்சியோ இலையில் இறங்கி முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். கால் நுனியில் உள்ள மயிர்கள் சுவை அறியும் உறுப்புகள். குளுக்கோசினோலேட் தட்டுப்பட்டால் முட்டை, இல்லையென்றால் பறந்துவிடும்.

ஒரு பேராசிரியர் இலையில் எதையோ பூசிப் புழு தின்கிறதா என்று பார்ப்பதற்கு இன்று நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்ற ஒரே கேள்வியில் விண்ணப்பம் திரும்பிவிடும் என்று நான் அஞ்சுகிறேன். பூச்சிகளை விரட்டும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்தச் சோதனையிலிருந்து கிளைத்தவை. பயன் என்னவென்று முன்கூட்டியே சொல்லச் சொல்வது அறிவியலுக்குச் செய்யும் பெரிய கேடு.

அந்த வழிகளில் ஒன்று இது. மஞ்சள் ராக்கெட் என்ற கடுகுக் குடும்பச் செடி ஒன்று உண்டு. அதிலும் குளுக்கோசினோலேட் இருப்பதால் வைரமுதுகுத் தாய்ப்பூச்சி ஆசையாக முட்டையிடுகிறது. ஆனால் இலையில் சப்போனின் என்ற வேறொரு பொருளும் இருக்கிறது. அதை முறிக்கும் நொதி புழுவிடம் இல்லை. பொரிந்தவை பிழைப்பதில்லை. விலாசம் சரி, வீடு வேறு. முட்டைக்கோஸைச் சுற்றி இதை ஓரமாக நட்டால் பூச்சி அங்கேயே தன் முட்டைகளை இழக்கிறது.

இன்னொன்று, விலாசத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்வது. செண்டுமல்லி நட்டால் அதன் நெடி பூச்சியை விரட்டும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் ஃபின்ச், காலியர் என்ற இரு ஆய்வாளர்கள் முட்டைக்கோஸ் வேர் ஈயை வைத்து இதைச் சோதித்தார்கள். வாசனையே இல்லாத பச்சை அட்டைகளும் செடிகளைப் போலவே வேலை செய்தன! பறந்து வரும் பூச்சி எந்தப் பச்சையிலும் இறங்கும், காலால் சுவைக்கும். தப்பான இலையாக இருந்தால் பொழுது வீண். அப்படிச் சில முறை ஏமாந்தால் இடத்தை விட்டே போய்விடும். ஆக, நெடியுள்ள செடியைத் தேடி அலைய வேண்டாம்; கோஸ் வரிசைக்கு நடுவே தரை தெரியாதபடி வேறு எந்தப் பச்சை இருந்தாலும் உதவும். வெறும் மண் நடுவே நிற்கும் கோஸ் செடிக்குத்தான் ஆபத்து அதிகம்.

கடுகை அரைத்துக் கரைத்துத் தெளிக்கும் பழக்கத்தை மட்டும் இந்தச் செடிகளுக்குச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு செடிகளில் வேறு பூச்சிகளுக்கு அது தொல்லை தரலாம். இங்கே வருபவர்களுக்கு அது அழைப்பிதழ்.

எல்லாவற்றிலும் உறுதியானது வலைதான். வண்ணத்துப்பூச்சிக்கு 7 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் போதும். தெள்ளு வண்டையும் தடுக்க 0.8 மில்லிமீட்டர் வேண்டும். வலை இலையைத் தொடக்கூடாது, தொட்டால் வண்ணத்துப்பூச்சி வெளியே நின்றபடியே முட்டையிட்டுவிடும். போன முறை இதே குடும்பச் செடி நின்ற மண்ணில் வலை போட்டால் பலனில்லை. தெள்ளு வண்டின் புழுக்கள் மண்ணுக்குள் வேரில் வாழ்பவை, வண்டுகள் வலைக்குள்ளேயே கிளம்பும்.

மருந்தை நம்பி வைரமுதுகுப் பூச்சியோடு மோதியவர்கள் தோற்றே வந்திருக்கிறார்கள். 1953-லேயே ஜாவாவில் டிடிடிக்கு எதிர்ப்புப் பெற்றது. புழுவின் குடலைத் துளைக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவுக்கும் திறந்த வயலில் முதலில் எதிர்ப்புப் பெற்ற பூச்சி இதுதான். தோட்டத்தில் அந்த பாக்டீரியாக் கரைசலைச் சின்னப் புழுக்கள் இருக்கும்போது, மாலையில் தெளிக்கலாம், வெயிலில் அது சிதைந்துவிடும். ஆனால் வாரம் தவறாமல் அடிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

ஏனென்றால் தோட்டத்தில் நமக்கு வேறு துணை இருக்கிறது. பெரிய வெள்ளையின் புழு இலையைக் கடிக்கும்போது அதன் வாயிலிருந்து கசியும் திரவத்தில் ஒரு நொதி உண்டு. அது காயத்தில் பட்டதும் செடி ஒருவித வாசனையைக் காற்றில் விடுகிறது, கொட்டீசியா என்ற சிறு குளவி அதைப் பிடித்து வருகிறது. புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. சில நாள் கழித்து 20, 30 குளவிப் புழுக்கள் தோலைத் துளைத்து வெளியே வந்து, பக்கத்திலேயே மஞ்சள் பட்டுக்கூடுகளைக் கட்டுகின்றன. அந்த மஞ்சள் குவியலைப் புழு இட்ட முட்டைகள் என்று நினைத்து நான் ஒரு பருவம் முழுக்க நசுக்கியிருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. புழு முட்டையிடாது, வண்ணத்துப்பூச்சிதான் இடும். பட்டு நூலால் சுற்றிய மஞ்சள் கூடுகளைக் கண்டால் அந்த இலையைத் தொடாதீர்கள்.

இன்னொரு குளவி டிரைக்கோகிராமா, நீளம் அரை மில்லிமீட்டர். பெரிய வெள்ளையில் ஆண், இணை சேரும்போது பென்சைல் சயனைடு என்ற பொருளைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. மற்ற ஆண்கள் அதன் பிறகு அந்தப் பெண்ணை நெருங்கமாட்டார்கள். 2005-ல் தெரியவந்தது, இந்த வாசனையைக் குளவியும் படிக்கிறது என்பது. விரைவில் முட்டையிடப்போகும் பெண் இதுதான் என்று அறிந்து அதன் மேல் ஏறிக்கொள்கிறது. பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் மீதே பயணம் செய்து உங்கள் முட்டைக்கோஸுக்கு வந்து, அது முட்டையிட்டதும் இறங்கி, அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது.