ஆண் மீனின் கல்லீரலில் ஏன் முட்டைப் புரதம்?

"கருத்தடை மாத்திரையால் ஆற்று மீனெல்லாம் பெண்ணாகிவிடுகிறதாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி உண்மை. மீதிப் பாதியில் பழி தவறான ஆள் மேல் விழுகிறது.

மாத்திரையில் இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் செயற்கை வடிவம்; ஈஸ்ட்ரோஜன் ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாமே கொலஸ்ட்ராலிலிருந்து வருபவை. ஒட்டிக்கொண்ட நான்கு வளையங்கள் எல்லாவற்றுக்கும் பொது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து ஒரு கார்பனைக் கழற்றி, ஒரு வளையத்தை பென்சீன் வளையமாக்கினால் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிடைத்துவிடும். ஆண் உடலிலும் இது அன்றாடம் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து அதன் செய்தியைச் செல்லுக்குச் சொல்லும் ஏற்பி வேலை செய்யாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி 1994-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். உயரம் 204 செ.மீ., அந்த வயதிலும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் வேண்டும்.

இந்த ஏற்பியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். செல்லுக்குள் காத்திருக்கும் ஒரு புரதம் அது. நடுவில் ஒரு குழி. எஸ்ட்ரடையாலின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) உண்டு. குழியின் இரு பக்கமும் இருக்கும் அமினோ அமிலங்கள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. பிடி கிடைத்ததும் புரதத்தின் 12-ஆவது சுருள் டப்பா மூடி மாதிரி குழியின் மேல் வந்து படிகிறது. 1997-இல் எக்ஸ் கதிர் படிகப் படங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. மூடி படிந்தால்தான் புரதத்தின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் உருவாகும். மரபணுவை இயக்கும் துணைப் புரதங்கள் வந்து பற்றுவது அந்தப் பள்ளத்தில்தான். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபெனும் இதே குழியில்தான் உட்காருகிறது. ஆனால் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பக்கச் சங்கிலி இருக்கிறது. மூட இடமில்லாத மூடி விலகிப்போய் அந்தப் பள்ளத்தையே அடைத்துக்கொள்கிறது. மார்பகச் செல்லுக்குப் போகவேண்டிய கட்டளை அங்கேயே நின்றுவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

குழி முக்கியமாகப் பார்ப்பது அந்த இரு முனைகளைத்தான். அதனால் ஸ்டீராய்டே அல்லாத பொருள்களும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. 1938-இல் செய்யப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் அப்படிப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு அதைப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த மகள்களில் சிலருக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971-இல் தெரியவந்தது. பிளாஸ்டிக்கில் வரும் பிஸ்ஃபினால்-ஏ-யும் இந்தக் குழிக்குள் போகும், ஆனால் பிடி மிகவும் பலவீனம்.

இனி மீனுக்கு வருவோம். முட்டையின் மஞ்சள் கருவுக்கான வைட்டலோஜெனின் புரதத்தின் மரபணு ஆண் மீனிடமும் இருக்கிறது. கேட்க ஆளில்லாததால் சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான். நீரில் மிகச் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் வந்தால்கூட ஆணின் கல்லீரலும் அதைச் செய்ய ஆரம்பித்துவிடும். இத்தனை குறைந்த அளவு எப்படிப் போதும்? இயங்கத் தொடங்கிய ஒரு மரபணுவிலிருந்து பல ஆர்.என்.ஏ. பிரதிகள், ஒவ்வொரு பிரதியிலிருந்தும் பல புரதங்கள். அது மட்டுமில்லை. தவளைக் கல்லீரலில் பார்த்தபோது, 16 மணி நேரத்தில் பாதி அழியும் வைட்டலோஜெனின் ஆர்.என்.ஏ., ஈஸ்ட்ரோஜன் இருந்தால் சுமார் 3 வாரம் தாக்குப்பிடித்தது.

கனடாவில் ஒன்டாரியோவின் ஆய்வு ஏரிகளில் ஒன்றான 260-ஆம் எண் ஏரியில், கேரன் கிட் தலைமையிலான குழு 2001 முதல் 2003 வரை கோடைதோறும் மாத்திரையில் வரும் எத்தினைல் எஸ்ட்ரடையாலைக் கலந்தது. லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஒரு கிராமை சுமார் 20 கோடி லிட்டரில் கரைத்த அளவு. ஆண் மீன்களில் வைட்டலோஜெனின் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் ஏரியிலிருந்து ஏறக்குறைய அழிந்தேபோனது. கலப்பதை நிறுத்தியபின் சில ஆண்டுகளில் மீண்டும் பெருகியது. ஆய்வகத் தொட்டியில் இது தெரிந்திருக்காது, முழு ஏரி தேவைப்பட்டது. அப்படிப்பட்ட ஆய்வு மையத்துக்குத் தரும் நிதியை நிறுத்தப்போவதாக 2012-இல் கனடா அரசு அறிவித்தது. 2014-இல் லாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று ஏற்றுக்கொண்டதால் மையம் பிழைத்தது. பல்லாண்டுத் தரவுகளை இடையில் அறுத்தால் எந்தப் பணத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அந்த முடிவு எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

சரி, பழி விஷயம். கல்லீரல் ஈஸ்ட்ரோஜனோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து, செயலற்றதாக்கித்தான் சிறுநீரில் அனுப்புகிறது. கழிவுநீரில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தை வெட்டி எடுத்துவிடுவதால் ஹார்மோன் மறுபடி உயிர்பெறுகிறது. இப்படி வருவது மாத்திரை ஈஸ்ட்ரோஜன் மட்டுமல்ல. எல்லா மனித உடலிலிருந்தும், குறிப்பாகக் கர்ப்பிணிகளிடமிருந்தும், கால்நடைகளிடமிருந்தும் இயற்கை ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்கிறது. எடைக்கு எடை மாத்திரையின் ஹார்மோன் வீரியமானதுதான், எளிதில் சிதையாததுதான். அதற்காக மாத்திரை சாப்பிடும் பெண்களைக் குற்றவாளியாக்குவது அறிவியல் அல்ல; இயற்கையானது என்றாலே தீங்கில்லை என்கிற மூடநம்பிக்கைதான் அப்படிப் பேச வைக்கிறது.

செய்ய வேண்டியது சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து கழிவுநீரிலிருந்து இத்தகைய நுண்பொருள்களை அகற்றுவதை 2016 முதல் சட்டமாக்கி, குறிப்பிட்ட நிலையங்களில் ஓசோனையோ செயலூட்டிய கரியையோ சேர்த்துவருகிறது. ஓசோன் முதலில் பாய்வது ஹைட்ராக்சில் ஒட்டிய அந்த பென்சீன் வளையத்தின் மேல். ஏற்பி பிடிப்பதும் அந்த முனையைத்தான். அதனால் மூலக்கூறு முழுவதும் சிதையாவிட்டாலும் ஹார்மோன் வேலை பெரும்பாலும் நின்றுவிடுகிறது.