ரோடு பைக்கா, ஹைபிரிட்டா? சைக்கிள் வாங்கும் முன் உங்கள் முதுகைக் கேளுங்கள்

சென்ற மாதம் 42 வயதுக்காரர் ஒருவர் என் பிசியோதெரபி மையத்துக்கு வந்தார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மூன்று வாரமாக மரத்துக் கிடக்கின்றன, சட்டைப் பொத்தான் போடவே சிரமமாக இருக்கிறது என்றார். அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி, இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு மெல்ல இழுத்தேன். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இடது கையில் இழுத்தபோது அதே தாள் கிழிந்தது.

உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் சதைமேட்டுக்கு அடியில், மணிக்கட்டை ஒட்டிய ஒரு குறுகலான சந்து வழியாக அல்னார் நரம்பு விரல்களுக்குப் போகிறது. உடல் எடையை மணிக்கணக்கில் அந்த இடத்தில் சாய்த்தால் நரம்பு நசுங்கும். சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். வாங்கி இரண்டே மாதம் ஆன ரோடு பைக், அதாவது வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட, குனிந்து ஓட்டும் வேகச் சைக்கிள். ஃபிரேம் அவருக்கு ஓர் அளவு பெரியது. சீட்டைவிடக் கைப்பிடி நான்கு விரற்கடைக்கு மேல் தாழ்ந்திருந்தது. "எங்கள் குழுவில் எல்லோரும் இதைத்தான் ஓட்டுகிறார்கள்" என்றார். பதினைந்து ஆண்டுகள் கணினி முன்னால் உட்கார்ந்தே பழகிய முதுகு அது, இறுகிப்போன தொடைகள். குனிந்த நிலையை வயிற்றுத் தசைகள் தாங்கவில்லை, பாரம் முழுவதும் கைக்கு இறங்கிவிட்டது.

ரோடு பைக் கெட்ட வண்டி என்று நான் சொல்லவில்லை. மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. குனிந்து ஓட்டுவதன் பயன் அங்கேதான். ஆனால் சென்னையின் உட்சாலைகளில் தினமும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் போகப்போகிறவருக்கு அந்த வேகம் எங்கே கிடைக்கும்? வேகத்தடையும், மழை பெய்தால் கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் உள்ள சாலையில் 25 மி.மீ. டயரைவிட 40 மி.மீ. டயர் எவ்வளவோ மேல். நிமிர்ந்து உட்கார்வதால் பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்ப்பதும் எளிது. இப்படிப்பட்டவர்களுக்கு என் பதில், நேரான கைப்பிடியும் அகலமான டயரும் கொண்ட, நிமிர்ந்து ஓட்டும் ஹைபிரிட்தான். அதிலும் முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) வேண்டாம். விலை குறைந்த வண்டிகளில் அது பாரத்தைக் கூட்டும், மிதிக்கும் சக்தியையும் கொஞ்சம் விழுங்கும். அகலமான டயரில் காற்றை அளவோடு வைத்தாலே குலுக்கல் பெரிதும் அடங்கிவிடும்.

ஹைபிரிட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. நேரான கைப்பிடியில் கையை மாற்றிவைக்க இடம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறவர்கள் மணிக்கட்டு வலியோடு என்னிடம் வருவதுண்டு. ரோடு பைக்கின் வளைந்த கைப்பிடியில் மேலே, பிரேக் மீது, கீழே என்று மூன்று இடங்களில் மாற்றிப் பிடிக்கலாம். வாராவாரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போவது உறுதி என்றால் அதையே வாங்கலாம். அப்போதும் பந்தய வகை வேண்டாம். கைப்பிடி சற்று உயர்ந்திருக்கும் எண்டூரன்ஸ் வகையைக் கேளுங்கள்.

கடை வாசலில் ஐந்து நிமிடம் சுற்றிப்பார்த்து முடிவெடுக்காதீர்கள். நண்பரிடம் இரவல் வாங்கியாவது அந்த வகை வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கழுத்தும் கையும் முதல் பத்து நிமிடத்தில் எதையும் காட்டிக்கொடுக்காது. சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க, சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம்.

விரல் மரத்து வந்த அந்த 42 வயதுக்காரருக்குக் கைப்பிடியை உயர்த்தி, அதைத் தாங்கும் தண்டையும் குட்டையாக மாற்றியிருக்கிறோம். சிகிச்சை இன்னும் நடக்கிறது. உங்களுக்கும் விரல் மரத்துப்போய், இறங்கிய சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் வண்டியின் அளவுகளைச் சரிபாருங்கள். மறுநாள் காலையிலும் மரப்பு இருந்தாலோ, பிடியில் வலு குறைந்தாலோ சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இவர் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.